ஆஸ்பிரினுடன் எந்த மாத்திரை, எத்தனை மாதம்?

இதயத் தமனியில் அடைப்பைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்ற சிறு உலோக வலையை வைத்துக்கொண்டு வீடு திரும்புகிறவரின் மருந்துச் சீட்டில் இரண்டு தட்டணு மருந்துகள், அதாவது ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களைக் கட்டுப்படுத்தும் மருந்துகள், அநேகமாக இருக்கும். ஒன்று ஆஸ்பிரின். மற்றொன்று குளோபிடோக்ரெல், பிரசுக்ரெல், டைகாக்ரெலார் என்ற மூன்றில் ஏதாவது ஒன்று. பக்கத்துப் படுக்கையில் இருந்தவருக்கு வேறு மாத்திரை எழுதியிருப்பார்கள். உறவினர் ஒருவருக்கு ஆறு மாதத்தில் நிறுத்தச் சொல்லியிருப்பார்கள். இவருக்கு ஓராண்டு என்றிருப்பார்கள். எது சரி, எது நல்ல மருந்து என்ற குழப்பம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

மூன்றில் சிறந்தது எது என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடையாது. யாருக்கு, எந்தக் கட்டத்தில் என்று சேர்த்துக் கேட்டால் ஓரளவு தெளிவான விடை உண்டு. மாரடைப்புக்குப் பிந்தைய முதல் வாரங்களில் ரத்தம் உறைவதுதான் பெரிய ஆபத்து. மாதங்கள் செல்லச் செல்ல அந்த ஆபத்து இறங்குகிறது. ஆனால் மாத்திரையால் வரும் ரத்தக் கசிவு ஆபத்து அப்படி இறங்குவதில்லை, மாத்திரை தொடரும்வரை அதுவும் தொடர்கிறது. ஆகவே ஒரே நோயாளிக்கே முதல் மாதத்தில் பொருத்தமான மருந்து பன்னிரண்டாவது மாதத்தில் பொருத்தமற்றதாகிவிடலாம். இந்தக் கட்டுரையில் சொல்லவிருப்பது எல்லாம் இந்த ஒரு கருத்தைச் சுற்றியே வரும்.

உறைவு எப்படி உருவாகிறது

தட்டணுக்கள் எலும்பு மஜ்ஜையில் உள்ள பெரிய செல்களிலிருந்து உதிரும் துணுக்குகள். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 1,50,000 முதல் 4,50,000 வரை இருக்கும். அவற்றுக்கு உட்கரு கிடையாது. ஏழு முதல் பத்து நாள் வரை வாழ்ந்து அழிகின்றன. அந்த இடத்தை நாள்தோறும் புதியவை வந்து நிரப்புகின்றன. உட்கரு இல்லை என்ற சிறு செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பிரின் ஏன் ஒரு நாளைக்கு ஒரு வேளை போதும் என்பதற்கும், அறுவை சிகிச்சைக்குச் சில நாள் முன்பே சில மாத்திரைகளை ஏன் நிறுத்துகிறார்கள் என்பதற்கும் விளக்கம் அதில்தான் இருக்கிறது.

இதயத் தமனியின் உட்சுவரில் பல ஆண்டுகளாகச் சேர்ந்த கொழுப்புப் படிவத்தின் மேல்மூடி ஒரு நாள் கிழிகிறது. உள்ளே இருந்த கொலாஜன் என்ற புரத நார் ரத்தத்தைத் தொடுகிறது. தட்டணுவுக்கு அதுவும் ஒரு காயம்தான். விரலில் கத்தி பட்டால் என்ன செய்யுமோ அதையே இங்கும் செய்கிறது: ஒட்டிக்கொள்கிறது, வடிவம் மாறுகிறது, மற்ற தட்டணுக்களை அழைக்கிறது. விரலில் உயிரைக் காக்கும் இந்த வேலை, மூன்று நான்கு மில்லிமீட்டர் அகலமே உள்ள இதயத் தமனியில் வழியையே அடைத்துவிடுகிறது. அதற்கு அப்பால் உள்ள இதயத் தசைக்கு ரத்தம் போகாது. மாரடைப்பு என்பது பெரும்பாலும் இதுதான்.

தட்டணுக்கள் ஒன்றையொன்று அழைப்பதற்குப் பயன்படுத்தும் ரசாயனச் சைகைகளில் இரண்டு முக்கியமானவை. ஒன்று திராம்பாக்சேன் ஏ2. தட்டணுவுக்குள் உள்ள காக்ஸ்-1 என்ற நொதியின் உதவியால் அது உருவாகிறது. மற்றொன்று ஏடிபி (ADP, அடினோசின் டைபாஸ்பேட்). தட்டணுவிலிருந்து வெளியேறும் ஏடிபி, பக்கத்துத் தட்டணுவின் மேற்பரப்பில் உள்ள பி2ஒய்12 என்ற ஏற்பியில் சென்று அமர்ந்து அதையும் தூண்டிவிடுகிறது. முதல் சைகையை ஆஸ்பிரின் தடுக்கிறது. இரண்டாவதைக் குளோபிடோக்ரெல், பிரசுக்ரெல், டைகாக்ரெலார் மூன்றும் தடுக்கின்றன. இரண்டு மாத்திரைகளும் ஒரே வேலையைத்தானே செய்கின்றன, ஒன்றை விட்டுவிட்டால் என்ன என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அவை அடைப்பது இரண்டு வேறு வழிகளை.

வார்ஃபரின், அபிக்சபான், ரிவரோக்சபான் போன்ற உறைவெதிர் மருந்துகள் வேறு வகை. அவை ரத்தத்தில் உள்ள உறைதல் புரதங்களின் தொடர்வினையைத் தடுப்பவை. ரத்தம் தேங்கும் இடங்களில், அதாவது கால் சிரைகளிலும் துடிப்பு சீர்கெட்ட இதயத்தின் மேலறையிலும் உருவாகும் உறைவுகளுக்கு அவையே ஏற்றவை. வேகமாக ரத்தம் ஓடும் தமனியில் உருவாகும் உறைவைத் தொடங்கி வைப்பவை தட்டணுக்கள். ஆகவே இதயத் தமனி நோய்க்குத் தட்டணு மருந்துகள் முதலிடம் பெறுகின்றன. இரு வகைகளையும் ஒன்றெனக் கருதி ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை எடுத்துக்கொள்வது ஆபத்தானது.

ஆஸ்பிரின்: யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம்

ஆஸ்பிரின் 1899 முதல் வலி மாத்திரையாக விற்கப்பட்டு வந்தது. அது உடலில் புரோஸ்டாகிளாண்டின் உருவாவதைத் தடுக்கிறது என்பதை ஜான் வேன் 1971-இல் கண்டறிந்தார். 1982-இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். இதய மருந்தாக அதன் இடத்தை உறுதிசெய்தது 1988-இல் வெளிவந்த ஐசிஸ்-2 ஆய்வு. மாரடைப்பு என்று சந்தேகிக்கப்பட்ட 17,187 பேரிடம் நடந்த அந்த ஆய்வில், ஒரு மாதம் ஆஸ்பிரின் பெற்றவர்களில் ஐந்து வாரங்களுக்குள் இதய, ரத்தக்குழாய் காரணங்களால் இறந்தவர்கள் 9.4 விழுக்காடு, பெறாதவர்களில் 11.8 விழுக்காடு. நூறு பேருக்குச் சிகிச்சை அளித்தால் இரண்டு உயிருக்கு மேல் காப்பாற்றப்படுகிறது. மிக மலிவான ஒரு மாத்திரையிடமிருந்து மருத்துவம் பெற்ற மிகப் பெரிய கொடைகளில் இது ஒன்று என்று தயங்காமல் சொல்வேன்.

ஆஸ்பிரின் காக்ஸ்-1 நொதியை நிரந்தரமாக முடக்கிவிடுகிறது. தட்டணுவுக்கு உட்கரு இல்லாததால் புதிய நொதியை அதனால் உருவாக்க முடியாது. ஆயுள் முடியும்வரை முடங்கியே இருக்கும். சிறிய அளவே போதும் என்பதற்கு இதுதான் காரணம். 2021-இல் வெளியான அடாப்டபிள் ஆய்வு 15,076 இதய நோயாளிகளிடம் 81 மில்லிகிராமையும் 325 மில்லிகிராமையும் ஒப்பிட்டது. மரணம், மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அதிக அளவு ஒதுக்கப்பட்டவர்களில் ஐந்தில் இரண்டு பேர் இடையிலேயே குறைந்த அளவுக்கு மாறிவிட்டார்கள். நாள்தோறும் எடுத்துக்கொள்ள 75 முதல் 100 மில்லிகிராம் போதும் என்பதே இன்றைய நடைமுறை. மாரடைப்பின்போது மட்டும் முதல் வேளையாக 162 முதல் 325 மில்லிகிராம் வரை மென்று விழுங்கச் சொல்வார்கள். மெல்லும்போது மருந்து விரைவாக ரத்தத்தில் சேர்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். இதுவரை சொன்ன நன்மை எல்லாம் ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்களுக்கு. மாரடைப்போ பக்கவாதமோ வராத, ஸ்டென்ட் இல்லாத, நலமாக உள்ள முதியவர் "முன்னெச்சரிக்கையாக" ஆஸ்பிரின் தொடங்குவது வேறு கணக்கு. 2018-இல் வெளியான ஆஸ்ப்ரீ ஆய்வு, பெரும்பாலும் 70 வயதைக் கடந்த 19,114 பேரிடம் நடந்தது. இதய நோய் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. பெரிய ரத்தக் கசிவு அதிகரித்தது. அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2022-இல் 60 வயதுக்கு மேற்பட்டவர்கள் இந்த நோக்கத்துக்காக ஆஸ்பிரினைப் புதிதாகத் தொடங்க வேண்டாம் என்று பரிந்துரைத்தது. நோயாளியின் மாத்திரையைப் பார்த்து வீட்டில் உள்ள மற்றவர்களும் எடுத்துக்கொள்ளத் தொடங்குவது அன்பால் நடக்கும் தீங்கு. ஆனால் ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர் இந்தச் செய்தியைப் படித்துவிட்டுத் தன் ஆஸ்பிரினை நிறுத்திவிட்டால், அது அதைவிடப் பெரிய தீங்கு.

இரண்டாவது மாத்திரை: மூன்று தேர்வுகள்

ஆஸ்பிரினுடன் இரண்டாவது மருந்தைச் சேர்க்கும் வழக்கம் ஸ்டென்ட்டுகளோடு சேர்ந்து வளர்ந்தது. உலோக வலை ரத்தத்துக்கு அந்நியப் பொருள். அதன் மேல் உட்சுவர்ச் செல்கள் படர்ந்து மூடும்வரை தட்டணுக்கள் அதில் ஒட்டிக்கொண்டே இருக்கும். தொடக்கத்தில் டிக்ளோபிடின் என்ற மருந்தைப் பயன்படுத்தினார்கள். அது சிலருக்கு வெள்ளணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்தது. 1997-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற குளோபிடோக்ரெல் அதன் இடத்தைப் பிடித்தது.

குளோபிடோக்ரெல் பற்றிய முக்கியமான ஆய்வு 2001-இல் வந்த க்யூர். முழு அடைப்பு இல்லாத மாரடைப்பு, நிலையற்ற நெஞ்சுவலி ஆகியவற்றோடு வந்த 12,562 பேரில், ஆஸ்பிரின் மட்டும் பெற்றவர்களில் 11.4 விழுக்காட்டினருக்கு இதய மரணம், மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றில் ஒன்று நேர்ந்தது. இரண்டையும் பெற்றவர்களில் அது 9.3 விழுக்காடு. பெரிய ரத்தக் கசிவோ 2.7-இலிருந்து 3.7 விழுக்காடாக உயர்ந்தது. இந்த இரண்டு எண்களையும் எப்போதும் சேர்த்தே படிக்க வேண்டும். தட்டணு மருந்துகளைப் பொறுத்தவரை, கசிவு கூடாமல் கிடைத்த நன்மை மிக அரிது.

குளோபிடோக்ரெல்லின் பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. விழுங்கும் மாத்திரை அப்படியே வேலை செய்யாது. கல்லீரல் அதை இரண்டு படிகளில் செயல்படும் மருந்தாக மாற்ற வேண்டும். உட்கொண்ட மருந்தின் பெரும்பகுதி அந்த மாற்றம் நடப்பதற்கு முன்பே பயனற்றதாகிவிடுகிறது. மாற்றத்தில் பெரும் பங்கு வகிக்கும் சிஒய்பி2சி19 என்ற நொதி சிலருக்குப் பிறவியிலேயே சரியாக வேலை செய்வதில்லை. அப்படிப்பட்ட மரபணு மாற்றங்கள் ஆசிய மக்களிடம் ஐரோப்பிய மக்களைவிட அதிகம். அவர்களுக்கு மாத்திரை தவறாமல் போனாலும் பாதுகாப்பு அரைகுறையாகவே கிடைக்கும். அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2010-இல் இதைப் பற்றி மருந்தின் அதிகாரபூர்வக் குறிப்பிலேயே கடுமையான எச்சரிக்கையைச் சேர்க்க வைத்தது. இன்னொன்று, வேலையைத் தொடங்க இது மணிக்கணக்கில் நேரம் எடுத்துக்கொள்ளும். மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும்போது அந்த நேரம் விலைமதிப்பற்றது.

பிரசுக்ரெல்லும் உடலில் மாற வேண்டிய மருந்துதான். ஆனால் அந்த மாற்றம் விரைவாகவும் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒரே சீராகவும் நடக்கிறது. 2007-இல் வெளியான ட்ரைட்டன் ஆய்வு, அடைபட்ட குழாயை விரித்துத் திறக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி செய்யவிருந்த 13,608 மாரடைப்பு நோயாளிகளிடம் இதைக் குளோபிடோக்ரெல்லுடன் ஒப்பிட்டது. இதய மரணம், மாரடைப்பு, பக்கவாதம் சேர்ந்த விகிதம் 12.1-இலிருந்து 9.9 விழுக்காடாகக் குறைந்தது. ஸ்டென்ட்டில் உறைவு ஏற்படுவது 2.4-இலிருந்து 1.1 விழுக்காடாக, பாதிக்கும் கீழே இறங்கியது. மறுபக்கம், பெரிய ரத்தக் கசிவு 1.8-இலிருந்து 2.4 விழுக்காடாக ஏறியது. உயிரைப் பறித்த கசிவுகளும் கூடின.

அந்த ஆய்வு கற்றுத் தந்த பெரிய பாடம், இது யாருக்குக் கூடாது என்பதுதான். முன்பு பக்கவாதமோ, சில மணி நேரத்தில் சரியாகிவிடும் தற்காலிகப் பக்கவாதமோ வந்தவர்களுக்கு நன்மையைவிடத் தீமை அதிகமாக இருந்தது. அவர்களுக்கு இந்த மருந்து கூடவே கூடாது. 75 வயதைத் தாண்டியவர்களுக்கும் 60 கிலோவுக்குக் குறைந்த எடை உள்ளவர்களுக்கும் நிகர நன்மை தென்படவில்லை. வழக்கமான நாளளவு 10 மில்லிகிராம் என்றாலும், இவர்களுக்குத் தவிர்க்க முடியாத நிலையில் 5 மில்லிகிராம் தருவதுண்டு. மெலிந்த உடல்வாகு கொண்ட வயதானவருக்கு மருந்து எழுதப்படும்போது உடன் இருப்பவர்கள் எடையையும் பழைய பக்கவாதத்தையும் தாங்களாகவே எடுத்துச் சொல்வது நல்லது. பத்தாண்டுக்கு முன் ஒரு நாள் காலையில் பேச்சுக் குழறிப் பிறகு சரியானது போன்ற செய்தி எந்தப் பழைய கோப்பிலும் இருக்காது. குடும்பத்தின் நினைவில்தான் இருக்கும்.

டைகாக்ரெலார் இரண்டு வகையில் தனித்து நிற்கிறது. கல்லீரல் மாற்றித் தரவேண்டிய தேவையில்லை. நேரடியாக வேலை செய்யும். மேலும், ஏற்பியை அது நிரந்தரமாக முடக்குவதில்லை, பற்றிக்கொண்டு பிறகு விட்டுவிடும். அதனால்தான் 90 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இரு வேளை. 2009-இல் வந்த ப்ளாட்டோ ஆய்வில் 18,624 பேர் பங்கேற்றனர். ஓராண்டில் இதய மரணம், மாரடைப்பு, பக்கவாதம் சேர்ந்த விகிதம் குளோபிடோக்ரெல்லில் 11.7, டைகாக்ரெலாரில் 9.8 விழுக்காடு. எல்லாக் காரணங்களாலும் நேர்ந்த மரணம் 5.9-இலிருந்து 4.5 விழுக்காடாகக் குறைந்தது. மொத்தப் பெரிய கசிவில் வேறுபாடு பெரிதாக இல்லை. பைபாஸ் அறுவை சிகிச்சையோடு தொடர்பில்லாத பெரிய கசிவு மட்டும் 3.8-இலிருந்து 4.5 விழுக்காடாகக் கூடியது.

டைகாக்ரெலாரின் தொல்லை மூச்சுத்திணறல். அந்த ஆய்வில் இதை எடுத்துக்கொண்டவர்களில் 13.8 விழுக்காட்டினர் அதைச் சொன்னார்கள்; குளோபிடோக்ரெல்லில் 7.8 விழுக்காடு. நுரையீரலையோ இதயத்தையோ அது கெடுப்பதாகத் தெரியவில்லை. ஆனால் அண்மையில் மாரடைப்பு வந்த ஒருவருக்கு மூச்சு வாங்கினால் அவர் அடையும் அச்சம் சாதாரணமானது அல்ல. இப்படி ஒன்று நேரலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதி அச்சம் தீர்ந்துவிடும். சொல்லாமல் விட்டால் நோயாளி மாத்திரையைத் தானே நிறுத்திவிடுவார். அப்படிப்பட்ட மூச்சுத்திணறலை மருத்துவரிடம் தெரிவித்து, வேறு காரணம் இல்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டு, தாங்க முடியாவிட்டால் வேறு மருந்துக்கு மாறிக்கொள்ளலாம். இதயத் துடிப்பு மெதுவாக உள்ளவர்களிடமும் இதைக் கவனத்தோடு பயன்படுத்துவார்கள். மூளையில் முன்பு ரத்தக் கசிவு ஏற்பட்டவர்களுக்கு இது கூடாது. உடன் எடுக்கும் ஆஸ்பிரின் நாளுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தாண்டினால் டைகாக்ரெலாரின் பயன் குறைகிறது.

வலுவான இந்த இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்தியது 2019-இன் ஐசார்-ரியாக்ட் 5 ஆய்வு. 4,018 பேரில் ஓராண்டு முடிவில் மரணம், மாரடைப்பு, பக்கவாதம் சேர்ந்த விகிதம் பிரசுக்ரெல்லில் 6.9, டைகாக்ரெலாரில் 9.3 விழுக்காடு, கசிவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பலர் எதிர்பார்த்த முடிவுக்கு இது நேர் எதிரானது. யாருக்கு எந்த மருந்து என்பது மருத்துவருக்கும் நோயாளிக்கும் தெரிந்திருந்த ஆய்வு அது என்பதை மறக்கக் கூடாது. என்றாலும், ஆஞ்சியோபிளாஸ்டி உறுதியான, பக்கவாத வரலாறு இல்லாத, வயதும் எடையும் இடம் கொடுக்கிற மாரடைப்பு நோயாளிக்கு இரண்டில் ஒன்றைச் சொல்லச் சொன்னால் என் சாய்வு பிரசுக்ரெல் பக்கம்தான். நாளுக்கு ஒரு வேளை என்பதும் அந்தச் சாய்வுக்கு வலுச் சேர்க்கிறது. இரண்டாவது வேளையை மறப்பது மனித இயல்பு. முன்பு பக்கவாதம் வந்தவருக்குப் பிரசுக்ரெல் பட்டியலிலேயே இல்லை. ஸ்டென்ட் வைக்காமல் மருந்தாலேயே சிகிச்சை பெறுபவருக்கு வலுவான மருந்து வேண்டுமென்றால் டைகாக்ரெலார்தான் முன்வரும்.

அப்படியானால் குளோபிடோக்ரெல் யாருக்கு? மாரடைப்பு இல்லாமல், திட்டமிட்டு ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்களுக்கு அதுவே முதல் தேர்வு. வலுவான மருந்துகளின் கூடுதல் கசிவை ஏற்க அங்கே காரணம் இல்லை. உறைவெதிர் மருந்தும் சேர்ந்து எடுக்க வேண்டியவர்களுக்கும் அதுதான். முதியவர்களுக்கும் பல நேரங்களில் அதுவே ஏற்றது. 2020-இல் வெளியான பாப்புலர் ஏஜ் ஆய்வு, 70 வயதும் அதற்கு மேலும் ஆன சுமார் ஆயிரம் மாரடைப்பு நோயாளிகளிடம் நடந்தது. குளோபிடோக்ரெல் பெற்றவர்களில் 18 விழுக்காட்டினருக்கும், வலுவான மருந்து பெற்றவர்களில் 24 விழுக்காட்டினருக்கும் ரத்தக் கசிவு ஏற்பட்டது. மொத்த விளைவில் குளோபிடோக்ரெல் பின்தங்கவில்லை. பழைய மருந்தை எழுதிக் கொடுத்தார்கள் என்பதால் சிகிச்சை குறைவானது என்று எண்ண வேண்டியதில்லை.

கசியும் உடல் எது

ரத்தக் கசிவு என்றதும் பல் துலக்கும்போது வரும் ரத்தமும் தோலில் தோன்றும் நீலத் திட்டுகளும் நினைவுக்கு வருகின்றன. அவை எரிச்சலூட்டும், பெரும்பாலும் ஆபத்தில்லை. அஞ்ச வேண்டியவை இரண்டு: வயிறும் மூளையும். கரிய, பிசுபிசுப்பான மலம், ரத்த வாந்தி, திடீரென்று தாங்க முடியாத தலைவலி, ஒரு பக்கம் செயலிழப்பது ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

75 வயதை எட்டியவர்கள், ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே உள்ளவர்கள், சிறுநீரகம் கடுமையாகப் பழுதுபட்டவர்கள், தட்டணு எண்ணிக்கை ஒரு லட்சத்துக்குக் குறைந்தவர்கள், கல்லீரல் இறுகல் நோய் உள்ளவர்கள், முன்பு கசிவு ஏற்பட்டு மருத்துவமனையில் சேர்ந்தவர்கள், உறைவெதிர் மருந்து எடுப்பவர்கள் ஆகியோருக்குக் கசிவு ஆபத்து அதிகம். துன்பம் என்னவென்றால், இவர்களில் பலருக்கே உறைவு ஆபத்தும் அதிகம். சிறுநீரக நோயும் நீரிழிவும் உள்ள முதியவர் இரு பக்கமும் சரிவான பாதையில் நடக்கிறார். மருத்துவரின் அனுபவம் மிகவும் தேவைப்படும் இடம் இதுதான். அட்டவணையைப் பார்த்து இணையத்தில் முடிவெடுக்கக் கூடாத இடமும் இதுதான்.

வயிற்றைக் காக்க ஓர் எளிய வழி உண்டு. இரட்டை மருந்து எடுப்பவர்களில் கசிவு ஆபத்து உள்ளவர்களுக்கு அமிலச் சுரப்பைக் குறைக்கும் மாத்திரையையும் சேர்ப்பார்கள். ஒமிபிரசோல், எசோமிபிரசோல் இரண்டும் குளோபிடோக்ரெல்லைச் செயல்படும் மருந்தாக மாற்றும் அதே நொதியைத் தடுப்பதால், அதனோடு பான்டோபிரசோல் போன்றவற்றைத் தேர்வது வழக்கம். ஆஸ்பிரினின் மேல் பூசப்படும் உறை வயிற்றுக் கசிவைத் தடுத்துவிடும் என்ற நம்பிக்கைக்கு மட்டும் உறுதியான ஆதாரம் இல்லை. ஆஸ்பிரின் ரத்தத்தில் கலந்த பிறகும் வயிற்றின் பாதுகாப்புப் படலத்தைப் பலவீனப்படுத்துகிறது.

எத்தனை மாதம்

எந்த மருந்து என்பதைவிட இந்தக் கேள்விதான் முக்கியம் என்பது என் கருத்து. பொதுவான அளவுகோல் இது: மாரடைப்புக்குப் பிறகு இரட்டை மருந்து ஓராண்டு, மாரடைப்பு இல்லாமல் திட்டமிட்டு வைத்த ஸ்டென்ட்டுக்கு ஆறு மாதம், கசிவு ஆபத்து மிகுந்தவர்களுக்கு இதைவிடக் குறைவாக, சில நேரம் ஒன்று முதல் மூன்று மாதம் வரை.

ஓராண்டுக்கு மேல் நீட்டினால் என்ன ஆகும்? 2014-இல் வெளியான டாப்ட் ஆய்வு, ஓராண்டைச் சிக்கலின்றிக் கடந்த 9,961 பேரிடம் அதைக் கேட்டுப் பார்த்தது. இரண்டாவது மருந்தை மேலும் 18 மாதம் தொடர்ந்தவர்களில் ஸ்டென்ட் உறைவு 0.4 விழுக்காடு, ஆஸ்பிரினை மட்டும் தொடர்ந்தவர்களில் 1.4 விழுக்காடு. நடுத்தரமான அல்லது கடுமையான கசிவோ 1.6-இலிருந்து 2.5 விழுக்காடாகக் கூடியது. ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு விழுக்காடு லாபம், மறுபக்கம் ஏறக்குறைய அதே அளவு நட்டம். மீண்டும் மாரடைப்பு வந்தவர், பல குழாய்களில் நோய் உள்ளவர், கசிவுக்கான காரணம் எதுவும் இல்லாதவர் போன்றோருக்கு நீட்டிப்பு பொருந்தலாம். எல்லோருக்கும் வழக்கமாக நீட்டுவதற்கு இந்த எண்கள் இடம் கொடுக்கவில்லை.

குறைப்பதிலும் ஒரு வழிக்கு மேல் உண்டு. முதல் வழி, ஆஸ்பிரினை முன்கூட்டியே நிறுத்திவிட்டு இரண்டாவது மருந்தை மட்டும் தொடர்வது. 2019-இன் ட்வைலைட் ஆய்வில், ஆபத்து அதிகமுள்ள ஸ்டென்ட் நோயாளிகள் மூன்று மாதம் இரண்டையும் எடுத்த பிறகு, ஒரு பிரிவினர் டைகாக்ரெலாரை மட்டும் ஓராண்டு தொடர்ந்தனர். கசிவு 7.1-இலிருந்து 4.0 விழுக்காடாகக் குறைந்தது; மரணம், மாரடைப்பு, பக்கவாதம் இரு பிரிவிலும் 3.9 விழுக்காடு. பல ஆண்டுகளாக அசைக்க முடியாத அடித்தளமாகக் கருதப்பட்ட ஆஸ்பிரினையே எடுத்துவிடலாம் என்பது இதய மருத்துவர்கள் பலருக்கும் எளிதில் ஏற்க முடியாத செய்தியாக இருந்தது. இரண்டாவது வழி, முதல் மாதத்துக்குப் பிறகு வலுவான மருந்திலிருந்து குளோபிடோக்ரெல்லுக்கு இறங்குவது. கொரியாவில் நடந்த டாலோஸ் ஆய்வு 2021-இல் இதற்குச் சாதகமான முடிவைத் தந்தது. கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன கருத்து சிகிச்சை முறையாகவே மாறியிருப்பதை இதில் பார்க்கலாம்: உறைவு ஆபத்து உச்சத்தில் இருக்கும் நாள்களுக்கு வலுவான மருந்து, அது தணிந்ததும் மென்மையான மருந்து.

இரட்டை மருந்துக் காலம் முடிந்த பிறகு வாழ்நாள் முழுவதும் ஒரு மருந்து தொடரும். இதுநாள்வரை அது ஆஸ்பிரின்தான். கொரியாவின் ஹோஸ்ட்-எக்சாம் ஆய்வு சுமார் 5,500 பேரிடம் ஆஸ்பிரினையும் குளோபிடோக்ரெல்லையும் இரண்டு ஆண்டுகள் ஒப்பிட்டபோது, உறைவும் கசிவும் சேர்ந்த நிகழ்வுகள் ஆஸ்பிரினில் 7.7 விழுக்காடு, குளோபிடோக்ரெல்லில் 5.7 விழுக்காடு. மரணம் குறையவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆஸ்பிரின் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாதவருக்குக் குளோபிடோக்ரெல் முழுத் தகுதியுள்ள மாற்று. ஆஸ்பிரினில் ஆண்டுக்கணக்கில் நலமாக இருப்பவர் அவசரமாக மாற வேண்டியதில்லை.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற துடிப்புக் கோளாறால் உறைவெதிர் மருந்து எடுத்துவருபவர் ஸ்டென்ட் வைத்துக்கொண்டால் மூன்று மருந்துகளும் ஒரே உடலில் சேர்கின்றன. 2019-இன் அகஸ்டஸ் ஆய்வில் இப்படிப்பட்டவர்களில் ஆஸ்பிரின் தொடர்ந்தவர்களுக்கு 16.1 விழுக்காடும், தொடராதவர்களுக்கு 9.0 விழுக்காடும் கசிவு ஏற்பட்டது. ஆகவே ஆஸ்பிரினைப் பெரும்பாலும் சில நாள் முதல் ஒரு மாதத்துக்குள் நிறுத்திவிட்டு, உறைவெதிர் மருந்தும் குளோபிடோக்ரெல்லும் தொடரும். ஓராண்டுக்குப் பிறகு பெரும்பாலானவர்களுக்கு உறைவெதிர் மருந்து மட்டும் போதும். இங்கே பழைய சீட்டின்படி மூன்றையும் மாதக்கணக்கில் தொடர்வது உண்மையான ஆபத்து. மூன்றும் எடுப்பவர் அடுத்த சந்திப்பு வரை காத்திராமல் கேட்டுவிட வேண்டும்.

நாள்தோறும்

எந்த மருந்தைத் தேர்ந்தாலும், அதைத் தாமாக நிறுத்துவதைப் போல ஆபத்தானது வேறில்லை. ஸ்டென்ட் வைத்த முதல் மாதங்களில் இரட்டை மருந்தை முன்கூட்டியே நிறுத்துவது ஸ்டென்ட் உறைவுக்கான மிக முக்கியமான காரணங்களில் ஒன்று. அந்த உறைவு குழாயைத் திடீரென்று முழுவதுமாக அடைக்கும். பாதிக்கப்படுபவர்களில் பலர் பிழைப்பதில்லை. ஒரு வேளை தவறிவிட்டால் அடுத்த வேளையை வழக்கமான நேரத்தில் எடுத்தால் போதும். இரட்டிப்பாக விழுங்க வேண்டாம்.

வலி மாத்திரைகளில் கவனம் தேவை. இபுபுரூஃபன் காக்ஸ்-1 நொதியில் ஆஸ்பிரின் அமர வேண்டிய இடத்தை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு அதன் வேலையைக் கெடுக்கிறது, கசிவையும் கூட்டுகிறது. சாதாரண வலிக்குப் பாராசிட்டமால் பாதுகாப்பானது. டைகாக்ரெலார் எடுப்பவர்கள் கிளாரித்ரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியும் கீட்டோகொனசோல் என்ற பூஞ்சை மருந்தும் எழுதப்பட்டால் தங்கள் இதய மாத்திரையைச் சொல்லிவிட வேண்டும். அவை டைகாக்ரெலாரின் அளவை ரத்தத்தில் வெகுவாக உயர்த்தும்.

பல் பிடுங்குவது போன்ற சிறு சிகிச்சைகளுக்கு இந்த மருந்துகளை நிறுத்த வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. அந்த இடத்திலேயே அழுத்திக் கசிவைக் கட்டுப்படுத்த முடியும். பெரிய அறுவை சிகிச்சை என்றால், குளோபிடோக்ரெல்லை ஐந்து நாள், பிரசுக்ரெல்லை ஏழு நாள், டைகாக்ரெலாரை மூன்று முதல் ஐந்து நாள் முன்பு நிறுத்துவது வழக்கம். ஆஸ்பிரினைப் பெரும்பாலும் தொடர்வார்கள். தள்ளிப்போடக்கூடிய அறுவை சிகிச்சையை இரட்டை மருந்துக் காலம் முடியும்வரை தள்ளிப்போடுவதே நல்லது. முடியாதென்றால், நிறுத்தும் நாளையும் மீண்டும் தொடங்கும் நாளையும் அறுவை மருத்துவரும் இதய மருத்துவரும் பேசி முடிவு செய்து எழுதிக் கொடுக்க வேண்டும். மருத்துவமனையை விட்டுக் கிளம்பும்போதே நோயாளி கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டியவை மூன்று: ஸ்டென்ட் வைத்த தேதி, இரண்டாவது மாத்திரை முடியும் மாதம், அதற்குப் பிறகு தொடரப்போகும் மருந்தின் பெயர்.